வினைமுதல் மறைந்த வாக்கியம்: ரேமண்ட் கார்வரின் சிறுகதை ஒன்றின் நடையும் அதன் தமிழாக்கச் சிக்கல்களும்

1. முன்னுரை

அமெரிக்கச் சிறுகதை ஆசிரியர் ரேமண்ட் கார்வர் (1938-1988) எழுதிய 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' என்னும் கதை ஆங்கிலத்தில் ஏறத்தாழ 500 சொற்களே கொண்டது. அச்சில் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். மணவாழ்வு முறிந்துபோன ஒருவன் தன் துணிகளைப் பெட்டியில் அடுக்குகிறான். மனைவி வாயிலில் வந்து நின்று, அவன் போவதில் தனக்கு மகிழ்ச்சியே என்கிறாள். படுக்கையின் மேல் கிடந்த குழந்தையின் புகைப்படத்தை அவள் எடுத்துக்கொள்கிறாள். படத்தைத் திருப்பிக் கேட்டவன், சற்றுநேரத்தில் குழந்தையையே கேட்கிறான். அவள் மறுக்கிறாள். சமையலறையில், அடுப்புக்குப் பின்னுள்ள மூலையில், இருவரும் குழந்தையை ஆளுக்கொரு பக்கமாகப் பற்றி இழுக்கின்றனர். அவன் மிக வலுவாகப் பின்னோக்கி இழுக்கிறான். அதன்பின் ஒரே ஒரு வாக்கியம். கதை முடிகிறது.

குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கதை சொல்லவில்லை. ஆயினும் படிப்போர் அனைவரும் அதை அறிந்துகொள்கின்றனர். சொல்லப்படாத ஒன்று இவ்வளவு உறுதியாக அறியப்படுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. அந்த அறிவு ஆங்கில இலக்கண அமைப்புகள் சிலவற்றின் வழியாகவே வருகிறதென்றால், அவ்வமைப்புகள் இல்லாத அல்லது வேறு வகையில் அமைந்த தமிழில் அதை எவ்வாறு வருவிப்பது என்பது இரண்டாவது வினா.

கார்வரின் நடையை விமரிசகர்கள் 'மினிமலிசம்' என்றனர். சிறும நடை என்று தமிழில் கூறலாம். இப்பெயரைக் கார்வர் விரும்பவில்லை. பார்வையும் சிறுத்துவிட்டது போன்ற பொருளை அது தருவதாக அவர் கருதினார். அவருடைய மனக்குறையில் நியாயம் உண்டு. சொற்கள் குறைவு என்பது இக்கதையின் தோற்றமே அன்றி இயல்பு அன்று. நன்னூலார் கூறும் பத்து அழகுகளுள் முதலாவதான சுருங்கச் சொல்லல் இங்கு உண்டு. அடுத்ததான விளங்க வைத்தல் வேண்டுமென்றே மறுக்கப்படுகிறது. மறுக்கும் வேலையைச் செய்வது சொற்சிக்கனம் அன்று, தொடரமைப்பு என்பதை இங்குக் காட்ட முற்படுகிறோம்.

2. தொடக்கமும் 'உம்' இடைச்சொல்லும்

கதை வானிலையில் தொடங்குகிறது. பனி உருகி அழுக்கு நீராகிறது. அந்நீர் சன்னலில் கோடுகளாக வழிகிறது. தெருவில் இருட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள்ளும் அவ்வாறே.

இவ்விடத்தைக் கண்டதும் தமிழ் ஆய்வாளர்க்கு உள்ளுறை, இறைச்சி என்னும் சொற்கள் நினைவுக்கு வருவது இயல்பு. சற்றுப் பொறுத்தல் நலம். உள்ளுறையில் ஒப்புமையைக் கேட்போரே உய்த்துணர்தல் வேண்டும். இங்கோ வெளியிருட்டையும் உள்ளிருட்டையும் ஆசிரியரே ஓர் இணைப்புச் சொல்லால் அருகருகே வைத்துவிடுகிறார். கவனிக்க வேண்டியது அந்த இணைப்பின் வகை. 'உள்ளேயும்' என்று கூட்டிச் சொல்லும் இடத்தில் அவர் 'ஆனால்' என்னும் எதிர்நிலைச் சொல்லைக் கொண்டு தொடங்குகிறார். கூட்டலுக்கு 'மேலும்' அல்லவா வேண்டும்? 'ஆனால்' வந்தமையால், வெளியில் இருட்டினாலும் வீட்டுக்குள் வெளிச்சம் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு ஒன்று முன்பே இருந்ததாகிறது. இல்லம் என்பது வெளிச்சமுள்ள இடம் என்னும் அந்த எண்ணத்தைக் கதை ஒருமுறையும் கூறுவதில்லை. ஓர் இடைச்சொல்லால் அதை எழுப்பி, அதே வாக்கியத்தில் அணைத்துவிடுகிறது.

தமிழில் எச்சவும்மை 'உள்ளேயும்' என்னும் பகுதியை எளிதாகத் தந்துவிடும். அதனாலேயே மொழிபெயர்ப்பாளர் 'ஆனால்' என்பதைத் தேவையற்றதெனக் கருதி நீக்கிவிட இடமுண்டு. நீக்கினால் தொடர் செம்மையாகவே ஒலிக்கும். வீடு பற்றிய அந்த எதிர்பார்ப்பு மட்டும் காணாமற்போகும். சற்று முரணாக ஒலித்தாலும் 'ஆனால்' இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

3. பெயரின்மையும் விளியும்

கணவன், மனைவி, குழந்தை ஆகிய மூவர்க்கும் பெயர் இல்லை. கணவன், மனைவி என்னும் உறவுச்சொற்களையும் எடுத்துரைப்பவர் பயன்படுத்துவதில்லை. அவன், அவள் மட்டுமே. தமிழில் வினைமுற்றின் பாலீறே எழுவாயைக் காட்டிவிடுவதால் 'அவன்', 'அவள்' என்பனவற்றைப் பல இடங்களில் விட்டுவிட முடியும். அவ்வாறு விடுவது நல்ல தமிழ் நடைதான். ஆனால் இக்கதையில் இருபாற் பதிலிடுபெயர்களும் மாறிமாறி வந்து மோதுவது ஒலியளவிலேயே ஒரு சண்டையாகிறது. சில இடங்களிலேனும் மிகையென்று தோன்றுமாறு அவற்றைத் திரும்பத் திரும்ப இடுதல் தகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் முன்னிலையில் உள்ளது. ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழ்க் கதைகளில் கணவன் மனைவியை 'நீ' என்பதும் மனைவி கணவனை 'நீங்கள்' என்பதும் நெடுங்கால வழக்கு. இவ்வழக்கை அப்படியே கையாண்டால், மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு ஒன்று முதல் உரையாடலிலேயே புகுந்துவிடும். 'போய்விடுங்கள்' என்று சொல்லும் பெண், விரட்டும்போதும் மரியாதையைக் கைவிடாதவளாகிறாள். இடையில் சினம் மிகும்போது 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு அவளை மாற்றலாமே என்று தோன்றலாம். நாடகச் சுவை மிக்க உத்திதான். ஆயின் அது மொழிபெயர்ப்பாளர் எழுதும் புதுக்கதை. மூலத்தில் இருவரும் முதற் சொல்லிலிருந்தே சம அளவில் உறவு அற்றவர்கள். இருவரும் சம அளவில் இழுக்கின்றனர் என்பதே முடிவின் அச்சாணி. எனவே தொடக்கம் முதலே இருவர் வாயிலும் 'நீ' என வருவதே பொருந்தும்.

கணவன் குழந்தையைக் கேட்கும் வாக்கியம் மிக எளியது. தமிழில் அதுவே இடறச் செய்கிறது. 'எனக்குக் குழந்தை வேண்டும்' என்று எழுதினால் பிள்ளைப்பேறு இல்லாதவன் கூற்றாகிவிடும். ஆங்கிலத்தில் சுட்டிடைச்சொல் செய்யும் வேலையைத் தமிழில் சொற்கிடக்கையே செய்கிறது. 'குழந்தை எனக்கு வேண்டும்' என மாற்றினால் இன்ன குழந்தை என்பது தெளிவாகும். இதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆங்கிலத்தில் விரும்புகிறவன் எழுவாய், குழந்தை செயப்படுபொருள். தமிழில் 'வேண்டும்' என்னும் முற்று, விரும்புகிறவனை நான்காம் வேற்றுமைக்குத் தள்ளிவிடுகிறது. விருப்பம் அவன் செய்கிற செயலாக இல்லாமல் அவனுக்கு நேர்கிற நிலையாகிறது. மூலம் இறுதி வாக்கியத்தில் அடையும் வினைமுதல் மறைப்பைத் தமிழ் இங்கேயே, யாரும் கேளாமலே, ஓரளவு செய்துவிடுகிறது. இதைத் தவிர்க்க வழியில்லை. தவிர்க்கத் தேவையும் இல்லை என்றே தோன்றுகிறது. அடுத்து வரும் வினைகள் அவன் கைகளின் வினைகள். அவற்றில் எழுவாய் தெளிவாகவே நிற்கும்.

4. மேற்கோள்குறி இன்மை

இக்கதையில் உரையாடல்களுக்கு மேற்கோள்குறி இல்லை. ஆங்கில வாசகருக்கு இது உடனே உறுத்தும். பேச்சும் எடுத்துரைப்பும் ஒரே தளத்தில் ஓடுவதால், பாத்திரங்களின் சொற்கள் அவர்களுடையனவாக இல்லாமல் நிகழ்ச்சியின் பகுதியாகவே கிடக்கின்றன. சண்டையில் சொல்லும் ஒரு பொருள்தான், பெட்டியும் போர்வையும் போல.

தமிழில் இவ்வுத்தி ஏறத்தாழப் புலனாகாது. மேற்கோள்குறி அச்சுக் காலத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் கூற்றின் எல்லையைக் காட்டும் வேலையை 'என்று', 'என', 'என்றான்', 'என்றாள்' என்பன செய்துவருகின்றன. குறிகளை நீக்கினாலும் 'என்றாள்' கூற்றின் வாயிலை அடைத்துவிடும். ஆகவே குறிகளை நீக்கிவிட்ட மட்டில் மூலத்துக்கு உண்மையாக இருந்துவிட்டதாக மொழிபெயர்ப்பாளர் அமைதியடைதல் கூடாது. மூலத்தின் கலப்பு வேண்டுமெனில் 'என்றாள்' என்பதைக் கூற்றின் முடிவில் வைக்காமல் நடுவில் வைத்து, எஞ்சிய கூற்றை எந்தக் கொளுவும் இன்றி விட்டுவிடலாம். மூலத்தில் மனைவியின் முதற் பேச்சு இவ்வாறு நடுவில் வெட்டுண்டே வருகிறது என்பதும் இதற்குத் துணை.

5. 'அவன்' அஃறிணையாதல்

இக்கதையின் மிக நுண்ணிய இடம் குழந்தைக்கு வரும் பதிலிடுபெயர். கதை நெடுகக் 'குழந்தை' என்னும் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் பதிலிடுபெயர் வருமிடங்களில் முதலில் ஆண்பால் வருகிறது. அவனுடைய பொருள்களை எடுத்துப்போக ஆள் அனுப்புவதாகக் கணவன் கூறும்போதும், தலையிலிருந்து போர்வையைத் தாய் விலக்கும்போதும், அவனை விடு என்று கணவன் சொல்லும்போதும் குழந்தை ஆண்பாற் பெயரால் சுட்டப்படுகிறது. இறுதிக்குச் சற்று முன், விரல்கள் பிரிக்கப்பட்டுக் குழந்தை தன்னைவிட்டு நழுவுவதை உணரும் தாய், அதைப் பெற்றே தீர்வது என உறுதிகொள்ளும் நொடியில், பதிலிடுபெயர் 'இட்' என அஃறிணைக்கு இறங்கிவிடுகிறது. அதையடுத்துச் சற்றுத் தாமதமாக, இந்தக் குழந்தை என்னும் பெயர் பின்னொட்டாக வருகிறது.

தாயின் அன்பு உச்சத்தை எட்டுவதாகத் தோன்றும் அதே இடத்தில் குழந்தை ஒரு பொருளாகிவிட்டது. கணவன் மேல் மட்டும் பழி சுமத்த விரும்பும் வாசகரை இந்த ஒற்றைச் சொல் தடுக்கிறது. ஆங்கிலத்தில் குழந்தையை 'இட்' எனச் சுட்டுவது பிழையன்று. ஆனால் ஒருமுறை 'ஹிம்' என்று சுட்டிய பின் 'இட்' எனச் சுட்டுவது ஓர் இறக்கம்.

தமிழில் குழந்தை அழுதது, குழந்தை சிரித்தது என்பதே இயல்பு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் மகவு, குழவி என்பனவற்றை, உயர்திணைப் பொருளை உணர்த்தினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களோடு சேர்த்தே கூறினார். ஈராயிரம் ஆண்டுப் பழக்கத்தால் இந்த அஃறிணையில் இழிவு சிறிதும் இல்லை. அதில் இருப்பது செல்லம். எனவே தொடக்கம் முதல் 'குழந்தை' என்பதையும் அதற்குரிய அஃறிணை முடிபையும் கையாளும் இயல்பான தமிழாக்கத்தில், மூலத்தின் இறக்கம் முற்றிலும் மறைந்துவிடும். மிக நல்ல தமிழே இங்கு மிகப் பெரிய இழப்பை விளைவிக்கிறது. மொழிபெயர்ப்புக் கோட்பாடுகளில் இயல்புத்தன்மையை உயர்ந்த பண்பாகப் போற்றுவோர் இவ்வெடுத்துக்காட்டைக் கருதிப் பார்க்கலாம்.

வழிகள் சில உள. 'மகன்', 'பையன்' எனத் தொடங்கிப் பின்னர் 'குழந்தை'க்கு வரலாம். ஆனால் 'குழந்தை' என்னும் ஒரே சொல்லின் ஓயாத ஒலிப்பு அப்போது கெடும். எடுத்துரைப்பில் குழந்தையை 'அவன்' எனச் சுட்டினால், பெயரற்ற கணவனும் 'அவன்' ஆதலால் மயக்கம் நேரும். இந்த மயக்கம் மூலத்திலும் ஓரளவு உண்டு எனினும், தமிழில் வினையீறுகளும் சேர்ந்துகொள்வதால் தாங்கவொண்ணாததாகும். உரையாடலிலோ மயக்கத்துக்கு இடமில்லை. பேசுகிற கணவன் அங்கே 'நான்'. ஆண்குழந்தையைப் பெற்றோர் 'அவன்' என்பதும் நம் வழக்கே. ஆகவே கணவன் கூற்றுகளில் மட்டும் 'அவனை விடு', 'அவன் சாமான்கள்' என வைத்துக்கொண்டு, எடுத்துரைப்பில் 'குழந்தை' என்றே நிறுத்தி, இறுதியில் தாயின் உறுதியைக் கூறும் இடத்தில் 'அது' என்னும் சுட்டை வெளிப்படையாக இடலாம். தமிழில் பதிலிடுபெயரை விட்டுவிடுவது எளிதாதலால், விடாமல் இட்ட 'அது' தானே கண்ணை உறுத்தும். பெயரை வினைக்குப் பின் வைப்பதும் தமிழுக்கு அயலன்று. பேச்சில் நாள்தோறும் நிகழ்வதே. இழந்தது முழுவதும் திரும்பாது. பாதியேனும் கிடைக்கும்.

6. கைகளின் உணர்வு

கதையின் பெரும்பகுதியில் எடுத்துரைப்பவர் ஒரு புகைப்படக் கருவி போல வெளியிலேயே நிற்கிறார். யார் என்ன நினைத்தார் என்பது இல்லை. போராட்டத்தின் இறுதியில்தான் 'உணர்தல்' என்னும் வினை வருகிறது. அவள் தன் விரல்கள் பிரிக்கப்படுவதை உணர்கிறாள், குழந்தை தன்னைவிட்டுப் போவதை உணர்கிறாள். பின்னர் அவன் தன் கைகளிலிருந்து குழந்தை நழுவுவதை உணர்கிறான். எடுத்துரைப்பவர் இருவர் உள்ளத்துக்கும் போகவில்லை, கைகள் வரை மட்டுமே போகிறார். ஒரே வினையை இருவர்க்கும் வைத்திருப்பது தற்செயல் அன்று. இவ்விடங்களில் 'உணர்ந்தாள்', 'உணர்ந்தான்' எனச் சொல் மாறாமல் வைத்தல் வேண்டும். சொல் திரும்ப வருவதைக் குற்றமாகக் கருதி ஒரிடத்தில் 'அறிந்தான்', ஒரிடத்தில் 'புரிந்தது' என மாற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கு அது பெருங்கேடு விளைக்கும். இருவரையும் ஒரே அளவில் நிறுத்தும் தராசு அந்தச் சொல்லே.

தாயின் உறுதியைக் கூறும் தொடர் மட்டும் இதற்கு விலக்கு. அது நேர்கூற்றும் அன்று, அயற்கூற்றும் அன்று. அவள் மனத்தின் பேச்சை எடுத்துரைப்பவர் தம் வாயால் படர்க்கையில் கூறிவிடுகிறார். அதில் வரும் 'வுட்' என்னும் துணைவினை எதிர்காலம் குறித்ததன்று, பிடிவாதம் குறித்தது. தமிழில் இப்பொருளுக்கு மிகப் பொருத்தமான அமைப்பு, ஏகாரம் ஏற்ற வினையெச்சத்தோடு 'தீர்' என்னும் துணைவினை சேர்வது. பெற்றே தீர்வது, செய்தே தீர்வது என்பன போல. இந்தத் 'தீர்' என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

7. இறுதி வாக்கியம்

கடைசி வாக்கியம் மூன்று கூறுகளால் ஆனது. 'இவ்வகையில்' எனப் பொருள்தரும் தொடக்கம், 'இஷ்யூ' என்னும் எழுவாய், முடிவு செய்தல் என்னும் வினையின் செயப்பாட்டு வடிவம். அதுவரை கதையில் வந்த சொற்கள் பெட்டி, கோட்டு, அடுப்பு, விரல் போன்ற வீட்டுச் சொற்கள். இறுதி வாக்கியத்தின் மூன்று கூறுகளும் அலுவலகக் குறிப்பேட்டிலிருந்து வந்தவை போல் உள்ளன. ஒரு குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இவ்வாறு முடியலாம். இந்தத் திடீர் மொழிநிலை மாற்றமே கதையின் மிகக் கொடிய அடி. அலறலுக்கு அடுத்த வரியில் ஓர் எழுத்தர் வந்து கையெழுத்திட்டுப் போகிறார்.

செயப்பாட்டுவினை இங்கு என்ன செய்கிறது என்பதை அறிய, அதே செய்தியை 'அவர்கள்' என்னும் எழுவாயோடு செய்வினையில் அமைத்துப் பார்க்கலாம். அவ்வாறமைத்தால் இருவரும் கூடி முடிவுசெய்ததாகும். பொறுப்பு இருவர் மேலும் ஏறும். செயப்பாட்டிலோ முடிவு நிகழ்ந்துள்ளது, முடிவு செய்தவர் இல்லை. இல்லாத அவரை வாசகர் தேடத் தொடங்குகிறார். முந்தைய வாக்கியத்தில் வலுவாக இழுத்தவன் அவன். அதற்குச் சற்று முன் மணிக்கட்டைப் பற்றிப் பின்சாய்ந்தவள் அவள். தேடல் அங்கேயே சுற்றிச்சுற்றி நிற்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1970ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து மணமுறிவு வழக்குகளில் எவர் குற்றம் என்று நிறுவ வேண்டிய தேவையை நீக்கியது. பிற மாநிலங்களும் பின்னர் அவ்வழிச் சென்றன. கதை அச்சட்டத்தைப் பற்றியது என்று கூறுவதற்கில்லை. ஆனால் வினைமுதலைக் கேளாமல் முடிவை மட்டும் பதிவுசெய்யும் மொழி அக்காலச் சூழலில் அயலாக இருந்திராது.

'இஷ்யூ' என்பது சிலேடை. தகராறு, பிரச்சினை என்பது ஒரு பொருள். சட்ட வழக்கில் ஒருவர் வயிற்றுப் பிறந்த சந்ததி என்பது மற்றொரு பொருள். எனவே தகராறு முடிவுக்கு வந்தது என்னும் மேற்பொருளின் அடியில் குழந்தை முடிவுக்கு வந்தது என்னும் பொருள் கிடக்கிறது. தமிழில் இவ்விரண்டையும் ஒருங்கே தரும் பெயர்ச்சொல் இல்லை. 'பிரச்சினை', 'விவகாரம்', 'சிக்கல்' என்பன ஒருபுறம். 'மகவு', 'வாரிசு', 'சந்ததி' என்பன மறுபுறம். சொத்துத் தகராற்றின் மொழியில் 'பாகப்பிரிவினை' என்னும் சொல் நினைவுக்கு வரக்கூடும். அது இரட்டுற மொழியத்தான் செய்யும். ஆனால் கதை எதைச் சொல்லாமல் காத்ததோ அதைக் கூரையேறிக் கூவிவிடும். சிலேடை மிகவும் வெளிச்சமானால் அணியாகும். இக்கதைக்கு அணி ஆகாது.

பெயரில் இழந்ததை வினையில் ஈட்டலாம் என்பது நம் கருத்து. தமிழில் 'தீர்' என்னும் வினை இதற்கென்றே காத்திருப்பது போல் உள்ளது. தீர்வு, தீர்ப்பு, தீர்மானம் என்பன முடிவுசெய்தலைக் குறிப்பன. அரிசி தீர்ந்தது, எண்ணெய் தீர்ந்தது என்றால் இல்லாமற் போனது. தீர்த்துக்கட்டினான் என்றால் கொன்றான். முடிவு, இன்மை, கொலை ஆகிய மூன்றும் ஒரே வேரில். மேலும் தாயின் உறுதியை 'தீர்' துணைவினையால் தந்திருப்போமாயின், சில வாக்கியங்களுக்குள் அதே வினை முதல்வினையாகத் திரும்பி வரும். பெற்றே தீர்வது என்னும் பிடிவாதம், தீர்ந்துபோதலில் போய் முடியும். இந்தத் தொடர்பு மூலத்தில் இல்லை. மூலத்தின் சிலேடை நம்மிடம் இல்லாதபோது இதை ஈடாகக் கொள்ளலாம்.

எழுவாய்க்கு 'வழக்கு' என்னும் சொல் பொருந்தும். வழக்குத் தீர்த்தல் என்பது மரியாதை ராமன் கதைகள் வழியாகக் குழந்தைகளும் அறிந்த தொடர். அத்தொடர் ஒரு நடுவரை நினைவூட்டும். நடுவர் இல்லாத இக்கதையில் அந்நினைவு வேண்டுவதே. விவிலியத்தில் சாலொமோன் மன்னன் குழந்தையை வாளால் இரண்டாக்கச் சொல்கிறான். மெய்த்தாய் விட்டுக்கொடுக்கிறாள். கார்வர் கதையோடு இதனை ஒப்பிடாத விமரிசகர் அரியர். இதைவிட நெருங்கியது பௌத்தரின் மகா உம்மக்க ஜாதகத்தில் வருவது. அங்கு மகோசதர் தரையில் கோடு கிழித்து, குழந்தையை இருபுறமும் பற்றி இழுக்கச் சொல்கிறார். தாய் தாளாது விட்டுவிடுகிறாள். சீன நாடகத்திலிருந்து பெர்டோல்ட் பிரெக்ட் 1944இல் எழுதிய காக்கேசிய வெண்கட்டி வட்டம் வரை இதே இழுப்பு தொடர்கிறது. பிரெக்டிடம் விட்டுக்கொடுப்பவள் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். இக்கதைகள் அனைத்திலும் யாரேனும் ஒருவர் விடுகிறார். அந்த விடுதலே தீர்ப்புக்குச் சான்றாகிறது. கார்வரின் கதையில் எவரும் விடவில்லை. ஆகவே சான்றும் இல்லை, நடுவரும் இல்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

எஞ்சியது வினையின் வடிவம். 'தீர்ந்தது' என்பதா, 'தீர்க்கப்பட்டது' என்பதா? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், செயப்படுபொருளே செய்தது போலக் கூறும் வழக்கை ஏற்றுக்கொள்கிறார். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டு. தமிழில் வினைமுதலை மறைக்க இயல்பான வழி இதுவே. 'படு' சேர்ந்த வடிவம் இன்றளவும் பேச்சில் அரிது. அறிவிப்பிலும் அரசாணையிலும் செய்தித்தாளிலும் வாழ்வது. எனவே 'தீர்ந்தது' இயல்பானது, சிலேடையை முழுமையாகத் தருவது. ஆனால் 'தீர்ந்தது' எனும்போது வினைமுதல் மறைக்கப்படுவதில்லை. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்றாகிவிடுகிறது. மழை தீர்ந்தது போல. 'தீர்க்கப்பட்டது' என்பதிலோ எவரோ தீர்த்தார் என்னும் செய்தி உள்ளது, அவர் பெயர் மட்டும் இல்லை. வாசகரைத் தேடவைப்பது இந்த வடிவமே. அலுவலக மொழியின் குளிர்ச்சியும் இதற்கே உண்டு. 'இங்ஙனம்' என்னும் சொல்லைத் தொடக்கத்தில் வைத்தால், விண்ணப்பங்களின் அடியில் கையெழுத்துக்கு மேல் அதைக் கண்டு பழகிய தமிழ் வாசகர்க்கு அந்தக் குளிர்ச்சி இரட்டிக்கும். 'தீர்க்கப்பட்டது' என்பதில் தீர்ந்துபோதல் என்னும் பொருள் சற்று மங்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இயல்பையும் சிலேடையையும் பெரிதெனக் கொள்வோர் 'தீர்ந்தது' என்பதைத் தேர்வர். பொறுப்பைப் பெரிதெனக் கொள்வோர் மற்றதைத் தேர்வர். இக்கட்டுரையாளரின் தேர்வு இரண்டாவது.

8. தலைப்பும் பூந்தொட்டியும்

கதைக்கு மூன்று தலைப்புகள் உண்டு. 1977இல் வெளிவந்த தொகுப்பில் 'என்னுடையது' எனப் பொருள்படும் தலைப்பு. 1981இல் வந்த தொகுப்பில் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்'. 1988இல் 'சின்ன விஷயங்கள்' எனப் பொருள்படும் தலைப்பு. இரண்டாவது தலைப்பு 1902இல் தொடங்கிய ஓர் அமெரிக்க இதழின் பெயர். வீட்டிலேயே பொருள்களைச் செய்யவும் பழுதுபார்க்கவும் வழிகாட்டுவது. செய்முறை விளக்கத்தின் தொனி தலைப்பிலேயே இருப்பதால்தான் இறுதி வாக்கியத்தின் 'இவ்வகையில்' என்பது அங்கிருந்து எதிரொலிக்கிறது. ஒலிபெயர்ப்பு இதைத் தராது. 'செய்முறை விளக்கம்' என்பது ஓரளவு தரும். தலைப்பு இரண்டு முறை மாறிய கதைக்கு மொழிபெயர்ப்பாளர் நான்காவதொன்று இடுவது பெருங்குற்றம் ஆகாது.

போராட்டத்தின் நடுவே, அடுப்புக்குப் பின் தொங்கிய பூந்தொட்டி ஒன்று விழுகிறது. வலிந்து நுழைத்த முன்னறிகுறி என இதைக் குறைகூறுவோர் உளர். எழுவாயை நோக்கினால் வேறொன்று தெரியும். அவன், அவள் எனப் பிரிந்தே வந்த இருவரும் இந்தத் தொட்டியைத் தட்டும் இடத்தில் 'அவர்கள்' எனச் சேர்கின்றனர். தொட்டிக்கு வினைமுதல் உண்டு, இருவருமே. மேலும், தொட்டி விழுந்தது என்பதற்கு மேல் கதை ஒன்றும் கூறவில்லை. 'விழுந்து உடைந்தது' என்று எழுதத் தமிழ்க் கை தானே நீளும். விழுந்ததைச் சொன்னால் உடைந்ததையும் சொல்வது நம் கதைசொல்லும் பழக்கம். உடைவதை வாசகரிடம் விட்டுவிட்டு, 'தட்டிவிட்டார்கள்' என்பதோடு நிறுத்துதல் வேண்டும். 'விடு' என்னும் துணைவினையில் வேண்டுமென்றே செய்ததும் தவறிச் செய்ததும் ஆகிய இரண்டும் உள.